தளங்கள் பேசிக்கொள்ளாத படிகம்

1966இல் டேவிட் மெர்மினும் ஹெர்பர்ட் வாக்னரும் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள். சிறு காந்தமுட்களைப் போன்ற அணுக்கள் ஒரே தளத்தில் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தத் திசையிலும் தடையில்லாமல் திரும்பலாம். அருகிலிருப்பவற்றோடு மட்டுமே அவற்றுக்கு விசை உண்டு. இப்படிப்பட்ட தளத்தில், தனிச்சுழிக்கு மேலே எவ்வளவு குளிரூட்டினாலும், நிலைத்த காந்த ஒழுங்கு தோன்றாது என்றது அந்தத் தேற்றம். அடுத்தடுத்த முட்கள் ஒன்றிலிருந்து ஒன்று மயிரிழை விலகித் திரும்ப மிகச் சொற்ப ஆற்றலே வேண்டும். அந்த விலகல்கள் கூடிக்கூடி, தொலைவில் இருக்கும் முள் முற்றிலும் வேறு பக்கம் பார்த்து நிற்கும். மூன்று பரிமாணங்களில் மேலும் கீழும் உள்ள அண்டைகளும் சேர்ந்து பிடித்துநிறுத்துவதால் இந்தத் திரிபு கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு பரிமாணங்களில் அந்தப் பிடிமானம் போதவில்லை.

தட்டையான உலகத்தைப் பற்றி அதற்கு முன்பே நிறைய யோசித்திருந்தார்கள். 1925இல் எர்ன்ஸ்ட் ஈசிங், மேல் அல்லது கீழ் என இரண்டே திசைகளை ஏற்கும் காந்தங்களை ஒரு கோட்டில் நிறுத்திக் கணக்கிட்டார். ஒழுங்கு வரவில்லை. அவற்றைத் தளத்தில் பரப்பினால் வரும் என்று 1936இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் வாதிட்டார். 1944இல் லார்ஸ் ஆன்சாகர் அந்தத் தளக் கணக்கைத் தோராயம் எதுவும் இல்லாமல் தீர்த்தார். அந்தத் தளத்தைச் சூடேற்றிக்கொண்டே போனால் காந்தத்தன்மை எப்படி மறையும் என்பதற்கான வருவிப்பை 1952இல் சி. என். யாங் வெளியிட்டார். மறைவின் வடிவத்தைக் குறிக்கும் எண் எட்டில் ஒன்று. கனமான சாதாரணக் காந்தங்களில் அந்த எண் மூன்றில் ஒன்றை ஒட்டி இருக்கும். எட்டில் ஒன்று என்றால், கடைசி வரை ஏறக்குறைய முழுமையாக நின்றுவிட்டு விளிம்பில் செங்குத்தாகச் சரிகிறது என்று பொருள். தட்டையுலகத்தின் கைரேகை அது.

இவையெல்லாம் கரும்பலகையில் இருந்த உலகம். ஓரணுத் தடிமனுள்ள காந்தத் தளத்தை அன்று எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. ஆனால் மெர்மின்–வாக்னர் தேற்றம் வந்து மூன்றே ஆண்டுகளில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்து அணுஉலையில் அந்தத் தட்டையுலகம் அகப்பட்டது. அது இருந்தது பருமனான ஒரு படிகத்துக்குள். பெல் ஆய்வுக்கூடத்தின் ஹோவர்ட் குகன்ஹைம் வளர்த்த பொட்டாசியம் நிக்கல் ஃபுளோரைடு படிகத்தை, ராபர்ட் பர்ஜனோவும் புரூக்ஹேவனின் கென் ஷிரானேயும் நியூட்ரான் கற்றைக்கு முன்னால் வைத்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள பொருள். காந்தத்தைப் பொறுத்தவரை அதற்கு உயரம் இல்லை.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு செய்தியின் பொருட்டுத்தான். ஒரு பொருளுக்கு எத்தனை பரிமாணங்கள் என்பதை அதன் வடிவம் சொல்லிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பொருளின் உள்ளே எதற்கும் எதற்கும் உறவு, அந்த உறவு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. அந்த உறவை நேராகப் படிக்கிற கருவி நம்மிடம் உண்டு என்பது எனக்கு இன்றுவரை வியப்பு.

ஜேம்ஸ் சாட்விக் 1932இல் கண்டுபிடித்த நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் எலக்ட்ரான் கூட்டத்தைச் சட்டைசெய்யாமல் பொருளுக்குள் ஆழமாகப் போய்விடும். மின்னூட்டம் இல்லாவிட்டாலும் அதற்குக் காந்தத்தன்மை உண்டு. ஆகவே காந்த அணுக்கள் அதைச் சிதறடிக்கும் என்று 1936இல் ஃபெலிக்ஸ் பிளாக் சொன்னார். அணுஉலையில் பிறக்கும் அதிவேக நியூட்ரானை அறை வெப்பநிலைக்குத் தணித்தால் நொடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் ஓடும். அப்போது அதன் அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம், படிகத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளியின் அளவு. அதன் ஆற்றலோ 0.025 எலக்ட்ரான் வோல்ட். காந்தங்களுக்குள் எழும் அலைகளின் ஆற்றலும் அதே அளவில்தான். இதே அலைநீளமுள்ள எக்ஸ் கதிரின் ஆற்றல் இதைப்போல இரண்டரை லட்சம் மடங்குக்கும் மேல். நீளத்திலும் ஆற்றலிலும் ஒருசேரப் பொருந்துகிற இன்னொரு கருவியை இயற்கை தரவில்லை.

நியூட்ரான் அலையாகப் போகிறது. ஒரே வேளையில் எண்ணற்ற அணுக்களைத் தொடுகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் எழும் சிற்றலைகள் சில திசைகளில் கூடுகின்றன, சில திசைகளில் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆகவே உணர்கருவியில் பதிவாவது தனி அணுவின் நிலைமை அல்ல. இங்கே இந்த முள் இப்படி நிற்கும்போது, இன்ன தொலைவில், இன்ன நேரம் கழித்து, மற்றொரு முள் எப்படி நிற்கிறது என்கிற ஜோடிக் கணக்குதான் பதிவாகிறது. 1954இல் லெயான் வான் ஹோவ் இதைக் கணித வடிவில் எழுதினார். அந்தக் கட்டுரையை இயற்பியலின் பெரிய எழுத்துகளில் ஒன்றாக நான் எண்ணுகிறேன். சிதறிய நியூட்ரான்களை எண்ணும்போது நாம் உறவுகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று முதன்முதலாக முழுமையாகச் சொன்னது அது.

இதன் முதல் பெரிய பலன் அதற்கு முன்பே வந்துவிட்டது. சில பொருள்களில் அண்டைக் காந்தமுட்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும், ஒட்டுமொத்தத்தில் காந்தமே வெளியே தெரியாது என்று லூயி நேல் 1930களில் சொல்லியிருந்தார். எதிர்ஃபெர்ரோ காந்தம் என்று இதை அழைக்கிறோம். வெளியே எதையும் காட்டாத ஓர் ஒழுங்கை எப்படி நிரூபிப்பது? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், 1943இல் இயங்கத் தொடங்கிய கிராஃபைட் உலையின் பக்கத்தில் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபோர்ட் ஷல்லும் நியூட்ரான் சிதறலை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். 1949இல் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடைக் குளிரூட்டியபோது, அறை வெப்பநிலையில் இல்லாத புதிய சிதறல் உச்சிகள் தோன்றின. அணுக்கள் அதே இடங்களில்தான் இருந்தன. மேல், கீழ் என மாறிமாறி நின்றதால் காந்த அமைப்பின் மீள்நீளம் இரட்டிப்பாகியிருந்தது. நேலுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. ஷல்லுக்கு 1994 வரை ஆயிற்று. கனடாவின் சாக் ரிவரில் நியூட்ரானின் ஆற்றல் மாற்றத்தை அளக்கும் முறையை உருவாக்கிய பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வோலன் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே இறந்துபோயிருந்தார். அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பொட்டாசியம் நிக்கல் ஃபுளோரைடுக்கு வருவோம். அதில் நிக்கல் அயனிகள் சதுரச் சதுரமாக ஒரு தளத்தில் அமர்ந்திருக்கின்றன. அடுத்தடுத்த நிக்கல்களுக்கு நடுவே ஒரு ஃபுளோரின். தளத்துக்குள் நிக்கலுக்கும் நிக்கலுக்கும் இடைவெளி 4 ஆங்ஸ்ட்ராம். அடுத்த தளம் ஏறத்தாழ 6.5 ஆங்ஸ்ட்ராம் மேலே. தள்ளியிருப்பதால் தொடர்பு குறையும், சரி. ஆனால் தொலைவு மட்டும் காரணமாக இருந்தால் தொடர்பு குறையுமே தவிர அற்றுப்போகாது. அற்றுப்போவதற்கான காரணம் வேறு, அது அழகானது. மேல்தளத்து நிக்கல் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்துச் சதுரத்தின் நட்டநடுவில், நான்கு நிக்கல்களுக்குச் சமதூரத்தில் அமர்கிறது. தளத்துக்குள் காந்தமுட்கள் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப்போல் மேல், கீழ், மேல், கீழ் என மாறிமாறி நிற்கின்றன. எனவே அந்த நான்கில் இரண்டு மேலே பார்க்கின்றன, இரண்டு கீழே பார்க்கின்றன. இரண்டு இழுப்புகளும் ஒன்றையொன்று சரியாக நேர்செய்துவிடுகின்றன. கூட்டுத்தொகை சுழியம். கீழ்த்தளம் எவ்வளவு ஒழுங்காக நிற்கிறதோ அவ்வளவுக்கு அதன் குரல் மேல்தளத்துக்கு எட்டாது. ஒழுங்கே தளங்களுக்கு நடுவில் மௌனத்தை உண்டாக்குகிறது.

இந்த மௌனம் நியூட்ரானுக்கு எப்படித் தெரிந்தது? மூன்று திசைகளிலும் உறவு நீண்டிருக்கும் படிகத்தில், அலைகள் கூடுவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். அதனால் சிதறல், திசைகளைக் குறிக்கும் கணித வெளியில் தனித்தனிப் புள்ளிகளாகக் குவிகிறது. உறவு தளத்துக்குள் மட்டும் இருந்தால் நிபந்தனைகள் இரண்டுதான். மூன்றாவது திசையில் கூட்டவும் ஆளில்லை, அழிக்கவும் ஆளில்லை. அங்கே எந்த மதிப்பும் செல்லும். புள்ளி அந்தத் திசையில் இழுபட்டுக் கோலாகிவிடுகிறது. பர்ஜனோவும் குகன்ஹைமும் ஷிரானேயும் கண்டது அந்தக் கோல்களை. படிகத்தைக் கோலின் நெடுக நகர்த்தி அளந்தால் சிதறல் ஏறக்குறைய மாறுவதே இல்லை. கோலுக்குக் குறுக்கே நகர்த்தினால் கூர்மையான முகடு. முகட்டின் அகலத்தைத் தலைகீழாக்கினால் தளத்துக்குள் உறவு எவ்வளவு தூரம் போகிறது என்பது கிடைக்கும். படிகத்தைக் குளிரூட்டக் குளிரூட்ட முகடு குறுகிக்கொண்டே வந்தது. நிலைத்த ஒழுங்கு இன்னும் பிறக்காத வெப்பநிலையிலேயே, தளத்துக்குள் காந்தமுட்கள் நெடுந்தூரம் ஒன்றையொன்று அறிந்திருந்தன. மேல்தளத்தை மட்டும் அறியவில்லை.

97 கெல்வினில் ஒழுங்கு வந்தது. தேற்றம் பொய்த்துப்போய்விடவில்லை. நிக்கலின் முட்கள் முற்றிலும் சுதந்திரமானவை அல்ல. தளத்துக்குச் செங்குத்தாக நிற்க அவற்றுக்கு மிகச் சிறிய விருப்பம் உண்டு. அண்டைகளுக்கு நடுவிலான விசையோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் சில பங்கு. உறவு தளத்துக்குள் நெடுந்தூரம் வளர்ந்துவிட்ட பிறகு, அந்தச் சிறு விருப்பம் பெருந்திரளுக்கும் சேர்த்துப் பேசத் தொடங்குகிறது. தளம் தன்னளவில் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. கோல்களின் இடத்தில் புள்ளிகள் முளைக்கின்றன. அப்படியானால் மூன்றாம் திசையும் அதே கணத்தில் இணைந்துவிட்டதே, மாற்றத்தை நடத்தியது எது, தளமா கனமா என்று கேட்கலாம். இதற்கு ருபீடியம் மாங்கனீசு ஃபுளோரைடு விடை சொன்னது. அதே எலும்புக்கூடு கொண்ட அந்தப் படிகத்தில் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் விதம் இரண்டு வகையாக, ஒரே படிகத்துக்குள்ளேயே, கலந்து கிடந்தது. இரண்டு வகைகளும் ஒழுங்குக்கு வந்தது ஒரே வெப்பநிலையில். மேலே எப்படி அடுக்கினாலும் மாற்றம் நிகழும் இடம் நகரவில்லை என்றால், மாற்றத்தை நடத்துவது தளம்தான். இதைவிடத் தெளிவான சாட்சியத்தை ஒரு படிகத்திடம் எதிர்பார்க்க முடியாது.

நிக்கலின் இடத்தில் கோபால்ட்டை வைத்தால் முட்களுக்கு மேல், கீழ் தவிர வேறு திசைகள் ஏறக்குறைய மூடப்பட்டுவிடும். ஈசிங்கின் கற்பனைத் தளம் கிடைத்துவிடும். 1970களில் பொட்டாசியம் கோபால்ட் ஃபுளோரைடில் நியூட்ரான்கள் அளந்த எண் எட்டில் ஒன்றை ஒட்டி நின்றது. ஆன்சாகரும் யாங்கும் தாளில் எழுதிய உலகத்தை, கனமான ஓர் உப்புப் படிகம் தனக்குள் வைத்திருந்தது.

இந்த இடத்தில் கே. எஸ். கிருஷ்ணனை நினைக்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. வத்திராயிருப்பில் பிறந்தவர். ராமனோடு செய்த பணிக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்த காந்த அளவைகள் அவருக்கே உரியவை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு முறுக்குகிறது என்று அளப்பார். திசைக்குத் திசை காந்த இயல்பு எவ்வளவு மாறுகிறது என்பது அந்த முறுக்கத்திலிருந்து கிடைக்கும். கிராஃபைட்டை அப்படி அளந்தபோது, தளங்களுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை விலக்கும் தன்மை தளத்துக்குள் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு பெரிதாக இருந்தது. மின்கடத்தலிலும் பெரும் வேறுபாடு. கார்பன் தளங்களுக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன, தளம்விட்டுத் தளம் தாண்டத் தயங்குகின்றன என்ற சித்திரத்தை அவர் ஓர் இழையும் ஒரு காந்தமும் கொண்டு நெருங்கினார். இழை சொல்வது படிகத்தின் முழு உடம்பும் சேர்ந்து தரும் ஒற்றைப் பதில். உள்ளே எந்த அணு எந்த அணுவோடு என்பதை அது பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்லாத பதிலிலிருந்து உள்ளே இருப்பதை ஊகிக்கும் கூர்மைதான் கிருஷ்ணனின் மேதைமை. அவர் அளந்த அதே கிராஃபைட்தான் ஓக் ரிட்ஜ் உலையில் நியூட்ரான்களைத் தணித்தது. இன்றும் பல நியூட்ரான் கருவிகளில், கலவையான கற்றையிலிருந்து ஒரே அலைநீளத்தைப் பொறுக்கியெடுக்க கிராஃபைட்டின் 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியுள்ள தளங்களையே பயன்படுத்துகிறார்கள். அடுக்குப் பொருள்களை ஆராயும் கற்றை முதலில் ஓர் அடுக்குப் பொருளில் பட்டுத் திரும்பித்தான் வருகிறது.

1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் உயர்வெப்ப மீக்கடத்திகளைக் கண்டுபிடித்தபோது, அவற்றின் தாய்ப்பொருளான லாந்தனம் காப்பர் ஆக்சைடின் எலும்புக்கூடு பொட்டாசியம் நிக்கல் ஃபுளோரைடினுடையதே என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே நியூட்ரான்கள் அதன் எதிர்ஃபெர்ரோ ஒழுங்கைக் காட்டின. தளத்துக்குள் உள்ள விசை வெப்பநிலைக் கணக்கில் 1,500 கெல்வின் அளவு. தளங்களுக்கு நடுவே அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. ஷிரானேயும் பர்ஜனோவும் மறுபடியும் அதே கோல்களைத் தேடிப் போனார்கள், கண்டார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் யாருக்கும் பயன்படாததாகத் தோன்றியிருக்கக்கூடிய ஓர் உப்பில் கற்ற பாடம், உலகமே கவனித்த பொருளுக்கு அப்படியே உதவியது.

2017இல் குரோமியம் அயோடைடின் ஒரே ஒரு தளத்தைப் பிரித்தெடுத்து, அது 45 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். பருமனான படிகத்தில் அது 61 கெல்வின். கரும்பலகைத் தளம் கடைசியில் நிஜமாகவே கிடைத்தது. ஆனால் அதைப் பார்த்தது ஒளி. பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் திரும்புவதைக்கொண்டு பார்த்தார்கள். நியூட்ரானால் ஓரணுத் தளத்தைப் பார்க்க முடியாது. எதையும் குலைக்காமல் உள்ளே போய்வரும் அதே மென்மை, சிறு பொருளிடமிருந்து பதில் வாங்கவிடாது. ஆகவே நியூட்ரான் ஆய்வாளர்கள் மெல்லிய படிகங்கள் பலவற்றை அலுமினியத் தகட்டில் ஒரே திசை பார்க்க ஒட்டுகிறார்கள். ஹைட்ரஜன் நியூட்ரான்களைக் கண்டபடி சிதறடிக்கும் என்பதால் ஒட்டும் பசையிலும் அது இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்த படிகங்களில்தான் குரோமியம் அயோடைடின் காந்த அலைகளுக்கு நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி 2018இல் அளக்கப்பட்டது. இந்தப் பொருளில் இன்னொரு புதிர். பருமனான படிகத்தில் தளங்கள் ஒரே பக்கம் பார்க்கின்றன. இரண்டே தளங்களாகப் பிரித்தால் எதிரெதிராகப் பார்க்கின்றன. தளம் தளத்தின்மேல் எந்த நிலையில் அமர்கிறது என்பதில் உள்ள சிறு சறுக்கல்தான் காரணம்.

தளங்களுக்கு நடுவிலான உறவு இப்படி என்றால், தளத்துக்குள் உறவு ஒரே ஓர் அடியோடு நின்றுவிட்டால் என்னாகும்? 2006இல் அலெக்ஸி கிட்டாயெவ் ஒரு மாதிரியை முன்வைத்தார். அறுகோணக் கட்டங்களில் ஒவ்வொரு முள்ளுக்கும் மூன்று அண்டைகள்; மூன்றும் மூன்று வெவ்வேறு திசைகளில் இணங்கச் சொல்கின்றன. எல்லாரையும் திருப்திப்படுத்த வழியில்லை. ஆனாலும் கணக்கைத் துல்லியமாகத் தீர்க்கலாம். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். ஷங்கர் மூவரும் 2007இல் அதிலிருந்து ஒரு முடிவை எடுத்துக்காட்டினார்கள்: இரண்டு முட்களுக்கு நடுவிலான உறவு அடுத்த அண்டையோடு முடிந்துவிடுகிறது, அதைத் தாண்டினால் சுழியம். குறைவு என்றில்லை, சரியாகச் சுழியம். ஆயினும் அந்தத் தளம் சிதறிய கும்பல் அல்ல. ஜோடிக் கணக்கில் அகப்படாத வேறொரு பிணைப்பு அதை முழுமையாகக் கட்டிவைத்திருக்கிறது. வான் ஹோவின் சூத்திரம் தொட முடியாத இடத்தில் ஓர் ஒழுங்கு இருக்கலாம் என்று அந்தத் தாள்கள் சொல்கின்றன. ஜோடிகளைப் படிக்கும் கருவிக்கு அங்கே தெரியக்கூடியது கூர்மையற்ற ஒரு பரவல் மட்டுமே. எதுவும் தெளிவாகத் தெரியாததே அறிகுறியாகிவிடும் விசித்திரமான நிலைமை.

அதற்கு அருகில் வரும் பொருள் ஆல்ஃபா ருத்தீனியம் குளோரைடு. ஓக் ரிட்ஜில் அர்னாப் பானர்ஜியும் உடனிருந்தவர்களும் 2016இலும் 2017இலும் வெளியிட்ட நியூட்ரான் அளவைகளில் அப்படியொரு பரவல் தெரிந்தது. பொருள் 7 கெல்வினுக்குக் கீழே சாதாரண எதிர்ஃபெர்ரோ ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதற்கு மேலே போய் ஒழுங்கு கலைந்த பிறகும் அந்தப் பரவல் பெரிதாக மாறாமல் நிற்கிறது. கிட்டாயெவின் உலகத்தின் சாயல் இது என்று அவர்கள் வாசித்தார்கள். காந்த அலைகள் தமக்குள் சிதைந்துபோனாலும் இப்படிப் பரவலாகத் தெரியும் என்று வேறு சிலர் எழுதினார்கள். இரண்டு வாசிப்புகளிலும் நியாயம் இருக்கிறது. முதலாவதன் பக்கம் என் மனம் சாய்ந்தாலும், சாய்வு ஆதாரமாகிவிடாது.

இந்தப் பொருளில் தளங்களைப் பிடித்திருக்கும் விசை மிகவும் மெலிந்தது. படிகத்தைக் கொஞ்சம் வளைத்தாலோ அழுத்தினாலோ தளங்கள் சறுக்கி வேறு வரிசையில் அமர்ந்துவிடும். மூன்று தளங்களுக்கு ஒருமுறை மீளும் வரிசையில் ஒழுங்கு 7 கெல்வினில் வருகிறது. இரண்டு தளங்களுக்கு ஒருமுறை மீளும் வரிசையில் 14 கெல்வினில். ருபீடியம் மாங்கனீசு ஃபுளோரைடில் வரிசை எப்படி இருந்தாலும் வெப்பநிலை அசையவில்லை, இங்கே இரட்டிப்பாகிவிடுகிறது. இரண்டையும் இருபரிமாணக் காந்தங்கள் என்றே அழைக்கிறோம். இந்தப் பொருளின் பக்கவாட்டு வெப்பக் கடத்தலில் 2018இல் கியோட்டோ குழு ஒன்று கண்ட, குவாண்டம் அலகின் சரிபாதியான மதிப்பு சில படிகங்களில் கிடைக்கிறது, சிலவற்றில் கிடைப்பதில்லை. அந்த விவாதத்திலும் கேள்வி தளங்கள் அமர்ந்த விதத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் ருத்தீனியம் குளோரைடு படிகம் கைக்கு வந்ததும், கற்றைக்கு முன்னால் அதை வைப்பதற்கு முன், 7 கெல்வினில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் தெரிகிறதா, 14இல் ஏதாவது மேடு தட்டுப்படுகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள்.